ஸ்மால்மவுத் பாஸுக்கு உயிர் இரை: கிராண்ட் ஆற்றில் கற்றுக்கொண்டது

ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு எந்த இரை நல்லது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீர் இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது? அடியில் என்ன கிடக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் இரை பாதி முடிவாகிவிடும். அந்த இரை தூண்டில் முள்ளில் எவ்வளவு நேரம் துடிப்போடு இருக்கும் என்பது மீதிப் பாதி. கடையில் எது விலை அதிகம், பக்கத்து வீட்டுக்காரர் எதைப் போட்டுப் பெரிய மீன் பிடித்தார் என்பதெல்லாம் அப்புறம்.

நான் இருப்பது கனடாவின் தென் ஒன்டாரியோவில், கிச்னர் நகரத்தில். ஊரை ஒட்டியே கிராண்ட் ஆறு ஓடுகிறது. டஃபரின் மேட்டு நிலத்தில் பிறந்து, கிச்னர், கேம்பிரிட்ஜ், பாரிஸ், பிரான்ட்ஃபோர்ட் என்று இறங்கி, போர்ட் மெயிட்லண்டில் ஈரி ஏரியில் கலக்கிறது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளம். பெரும்பாலான இடங்களில் அடியெல்லாம் சுண்ணாம்புக்கல்லும் சரளையும். இடுப்பளவு நீரில் இறங்கி நடக்கலாம். சின்ன வயதில் திருச்சிப் பக்கம் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்த எனக்கு, இங்கே வந்து இந்த ஆற்றைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். ஸ்மால்மவுத் வெண்கல நிறம். உடம்பில் மங்கிய செங்குத்துப் பட்டைகள். பல மீன்களுக்குக் கண் சிவந்திருக்கும். வாயை மூடும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது. போனால் அது லார்ஜ்மவுத் என்ற இன்னொரு வகை பாஸ். லார்ஜ்மவுத்துக்குப் பாசியும் தேங்கிய நீரும் பிடிக்கும். ஸ்மால்மவுத்துக்குக் கல்லும் ஓட்டமும் தெளிந்த தண்ணீரும் வேண்டும். கொக்கி மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். இதன் எடைக்கு இவ்வளவு பலமாக இழுக்கும் நன்னீர் மீனை நான் வேறு எங்கும் பிடித்ததில்லை.

தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தொடும்போது முட்டையிடும் காலம் தொடங்கும். ஆண் மீன் சரளையில் வாலால் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்துக் கலைந்து போகும்வரை காவல் நிற்பது ஆண்தான். அந்த நாட்களில் குழிக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும், பசிக்காக இல்லை, விரட்டுவதற்காக. அந்த மீனைத் தூக்கிவிட்டால் சுற்றிக் காத்திருக்கும் சன்ஃபிஷ், பெர்ச் போன்ற மற்ற மீன்கள் குழியைக் காலி செய்துவிடும். அதனால்தான் இங்கே பாஸ் பிடிக்கும் பருவம் பெரும்பாலான இடங்களில் ஜூன் பிற்பகுதியில் திறக்கிறது. சரியான நாள் மண்டலத்துக்கு மண்டலம் மாறும், ஒவ்வொரு ஆண்டும் மாகாண விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். இந்தக் குளிர் நாட்டில் இந்த மீன் 30 சென்டிமீட்டர் வளரவே நான்கைந்து ஆண்டு ஆகும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரையையும் முள்ளையும் தேர்ந்தெடுக்கிறேன்.

சரி, இரைக்கு வருவோம்.

என் கணக்கில் ஆற்றில் முதல் இடம் கிரேஃபிஷுக்கு. சிங்கி இறாலைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அதுதான். கோடைக்காலத்தில் கிராண்ட் ஆற்று ஸ்மால்மவுத்தின் முக்கியமான சாப்பாடு இது. யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை. பிடித்த மீனின் வாயைத் திறந்து தொண்டைக்குள் பார்த்தாலே பல நேரம் இரண்டு மீசைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கரைக்கு இழுக்கும்போதே உடைந்த கொடுக்கையும் ஓட்டுத் துண்டையும் கக்கும் மீன்களும் உண்டு. கக்கியதை எடுத்துப் பார்ப்பேன். அளவு, நிறம், ஓடு கடினமா மென்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு எந்த இரை போட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல தகவல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இதைப் பிடிப்பதே தனி ஆனந்தம். முழங்கால் ஆழத்தில், ஓட்டம் குறைந்த ஓரத்தில், தட்டையான கல்லாகப் பார்க்க வேண்டும். கல்லின் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினால் கலங்கல் கீழ்ப்பக்கமாக ஓடிவிடும். சில நொடி காத்திருந்தால் அடியில் கிரேஃபிஷ் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பது தெரியும். அவசரப்பட்டுக் கையை விட்டால் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். அது பாய்வது எப்போதும் பின்பக்கம்தான். ஆகவே சின்ன வலையை வால் பக்கம் வைத்துவிட்டு, முன்னால் விரலைக் காட்டினால் போதும். தானே வலைக்குள் போய் விழும். கல்லைத் தூக்கியபடியே போட்டுவிட்டு வரக் கூடாது, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைக்க வேண்டும். அதன் அடியில் இன்னும் பல உயிர்கள் குடியிருக்கின்றன.

ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதை நான் எடுப்பதில்லை. கொடுக்குப் பெரிதாக இருந்தால் மீன் தயங்கும், சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சின்னதென்றால் ஒரே உறிஞ்சல். கொடுக்கை ஒடித்துவிட்டுக் கோர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அளவு பார்த்து எடுத்தால் அதற்குத் தேவையும் வராது. தோல் உரித்துப் புது ஓடு இறுகாத கிரேஃபிஷ் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். தொட்டால் மெத்தென்று இருக்கும், நிறம் வெளிறியிருக்கும். ஸ்மால்மவுத் அதை விடவே விடாது. ஆனால் முள்ளில் நிற்பது கடினம், பலமாக வீசினால் பிய்ந்துவிடும்.

முள்ளை வாலில் கோர்க்க வேண்டும். கடைசி மடலுக்கு முந்திய வளையத்தில், கீழிருந்து மேலாக, நடுவில் கறுப்பாகத் தெரியும் குடல் கோட்டைத் தொடாமல் சற்று விலகி. அப்படிக் கோர்த்தால் தூண்டில் நரம்பை இழுக்கும்போது அது இயல்பாகப் பின்னோக்கி நகரும். மீன் கண்ணில் அது பயந்து ஓடும் கிரேஃபிஷ். முதுகு ஓட்டில் குத்தினால் சீக்கிரம் செத்துவிடும். 4-ஆம் எண் முள் எனக்குப் போதும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பது புதிதாக வாங்குபவர்கள் தெரிந்திருக்க வேண்டியது. முள்ளுக்கு இரண்டு சாண் மேலே சின்னக் குண்டு ஒன்று, 6 பவுண்டு தாங்கும் நரம்பு. ஓட்டத்துக்குக் குறுக்காக, கொஞ்சம் மேல்பக்கமாக வீசி, ஆற்றோடு உருள விட வேண்டும். நின்றுவிட்டால் கோலின் நுனியைக் கொஞ்சம் தூக்கி நகர்த்த வேண்டும். சும்மா விட்டால் கிரேஃபிஷ் அடுத்த கல்லுக்கு அடியில் புகுந்து பிடித்துக்கொள்ளும், முள்ளும் போகும் இரையும் போகும்.

ஒன்டாரியோவில் இதற்குக் கண்டிப்பான விதி உண்டு. எந்த நீர்நிலையில் பிடித்தீர்களோ அங்கேயேதான் கிரேஃபிஷைப் பயன்படுத்த வேண்டும், தரைவழியாக எடுத்துப் போகவே கூடாது. கையில் 36-க்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இதைத் தொந்தரவாக நினைப்பவர்களிடம் ரஸ்டி கிரேஃபிஷ் கதையைச் சொல்வேன். அது ஒஹாயோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. உடம்பின் இரண்டு பக்கமும் துருப்பிடித்த நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். தூண்டில்காரர்களின் இரை வாளிகள் வழியாகத்தான் பெரிதும் பரவியது என்று கருதப்படுகிறது. போன இடத்தில் எல்லாம் நீர்ச்செடிகளை வெட்டித் தள்ளி, ஏற்கெனவே இருந்த கிரேஃபிஷ்களை விரட்டிவிட்டது. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்தச் செடிகளில்தான். ஒரு வாளியைக் கவிழ்க்கும் நேரத்தில் ஒரு ஏரியே மாறிப்போகும் என்றால் விதி எனக்குப் பெரிய சுமையாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஆற்றிலேயே சில பகுதிகளில் உயிர் இரை கூடாது, செயற்கை இரையும் எதிர்முனை (பார்ப்) இல்லாத முள்ளும் மட்டும்தான் அனுமதி. பாலத்தடியில் இறங்குவதற்கு முன் அந்தப் பகுதிக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது அட்டை. வால்பாறையில் காலில் ஏறிய அட்டையை நினைத்துக்கொண்டு நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கே இரைக்கு விற்பது ரிப்பன் அட்டை. இது மனித ரத்தத்தைக் குடிக்காது. சின்னப் பூச்சி புழுக்களையும் செத்த உயிர்களையும் தின்று வாழ்வது. விரலில் ஒட்டும், அவ்வளவுதான். கையில் எடுத்தால் இறுகித் திரண்டு, தண்ணீரில் விட்டால் நீண்டு நெளிந்து நீந்த வேண்டும். அதுதான் நல்ல அட்டை. தொளதொளவென்று பெரிதாக, சோம்பலாகத் தொங்குவதைக் குதிரை அட்டை என்பார்கள். மீன் அதைச் சீண்டுவது குறைவு. கடையில் பார்க்காமல் டப்பாவை வாங்கி வராதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள்.

ஏரியில், அதுவும் ஈரி ஏரியின் லாங் பாயின்ட் விரிகுடா போன்ற இடத்தில், ஜூலையில் நான் முதலில் கையில் எடுப்பது அட்டையைத்தான். அங்கே கிரேஃபிஷை உருட்டிக்கொண்டு போக ஓட்டம் கிடையாது. தக்கை கட்டி, கல் திட்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அட்டையைத் தொங்கவிட்டால் அது ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சின்ன அலை தக்கையை ஆட்டுவதே போதும். 6 அல்லது 8-ஆம் எண் முள்ளை அதன் பெரிய உறிஞ்சியில், அதாவது அகலமான வால் முனையில், ஒரே ஒரு முறை குத்த வேண்டும். தோல் தடிப்பாக இருப்பதால் ஒரே அட்டையில் இரண்டு மூன்று மீன் பிடித்துவிடலாம். சன்ஃபிஷ் கூட்டம் மண்புழுவைப் பிய்ப்பது போல இதைப் பிய்க்கவும் முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் குளோரின் போன தண்ணீரில் வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினால் பல நாள் தாங்கும். வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது அவரவர் சாமர்த்தியம்.

அட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு, குளிர். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் முள்ளிலேயே சுருண்டு உருண்டையாகிவிடும். உருண்டையை எந்த மீனும் தேடி வராது. செப்டம்பர் தாண்டினால் அட்டைக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

மண்புழு எல்லோருக்கும் தெரிந்தது. பெட்ரோல் பங்கில் கூட ஒரு டஜன் கிடைக்கும். இங்கே விற்கும் பெரிய புழுவை டியூ வோர்ம் என்கிறார்கள். வட அமெரிக்காவின் தூண்டில் கடைகளுக்குப் போகும் இந்தப் புழுக்களில் பெரும்பகுதி தென்மேற்கு ஒன்டாரியோவின் வயல்களிலிருந்து போகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈரமான இரவுகளில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காலில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே கையால் பொறுக்குகிறார்கள். விரல் வழுக்காமல் இருக்க ஒரு டப்பாவில் மரத்தூள். இயந்திரத்தால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை, வேகமாக இழுத்தால் புழு அறுந்துவிடும். விடிய விடிய முதுகு ஒடிய நடக்கும் உழைப்பு அது. டப்பாவில் பாதியை வெயிலில் வைத்துச் சாகவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மழை பெய்து ஆறு கலங்கியிருக்கும்போது மண்புழுவை விட்டால் வேறு வழி இல்லை. மீனுக்குக் கண் தெரியாத தண்ணீரில் வாசனைதான் வேலை செய்யும். மற்ற நேரங்களில் மண்புழு போட்டால் ராக் பாஸ், சன்ஃபிஷ், பெர்ச் என்று ஊரில் உள்ள எல்லா மீனும் வரும், ஸ்மால்மவுத் வருவதற்குள் புழு தீர்ந்துவிடும். முதல்முறை தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்லை, சொல்லப்போனால் அதுதான் வேண்டும். நம் ஊர் வழக்கப்படி புழுவை முள் முழுக்கச் சுருட்டிக் கோர்ப்பது கெளுத்திக்குச் சரி. இந்த மீனுக்குத் தலைப்பக்கம் ஒரே ஒரு குத்து, மீதி உடம்பு நீளமாக ஓட்டத்தில் ஆட வேண்டும்.

மிஞ்சிய புழுவைக் காட்டு ஓரத்தில் கொட்டிவிடாதீர்கள். மண்ணுக்கு நல்லதுதானே என்று தோன்றும், நம் ஊரில் அது உண்மை. இங்கே கதை வேறு. பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த இந்த நிலத்தின் காடுகளில் சொந்த மண்புழு கிடையாது. இப்போது இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. காட்டுத் தரையில் உதிர்ந்த இலைப் படுகையை அவை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. அந்தப் படுகையை நம்பி முளைக்கும் செடிகளும் கன்றுகளும் போய்விடுகின்றன. மிஞ்சியதை அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள், இல்லையென்றால் குப்பையில் போடுங்கள்.

இலையுதிர் காலம் வந்தால் சின்ன மீன்தான். அக்டோபரில் தண்ணீர் 12 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கிரேஃபிஷ் வெளியே நடமாடுவது குறைகிறது. ஸ்மால்மவுத்தும் வேகமான நீரை விட்டு ஆழமான மடுக்களில் கூட்டமாகச் சேர்கிறது. குளிர்காலத்துக்கு முன்னால் கொழுப்புச் சேர்க்க அதற்குப் பெரிய வாய்க்கவளம் வேண்டும். ஆனால் துரத்த மனசில்லை. சப் என்ற சின்ன மீனை, ஏழெட்டு சென்டிமீட்டர் அளவில், அதன் மூக்குக்கு முன்னால் மெதுவாகக் கொண்டு போக வேண்டும். ஓட்டமுள்ள இடத்தில் இரண்டு உதட்டையும் சேர்த்துக் கீழிருந்து மேலாகக் கோர்ப்பேன், அப்போது தலை ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். தேங்கிய மடுவில் தக்கைக்குக் கீழே என்றால் முதுகுத் துடுப்புக்கு அடியில், மேலாக, முதுகெலும்பைத் தொடாமல். ஏரியில் எமரால்ட் ஷைனர் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது மென்மையான மீன், வாளியில் சீக்கிரம் செத்துவிடும். சப் நாள் முழுக்கத் தாங்கும்.

கடையில் தொட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மீன்கள் கூட்டமாக, தண்ணீர் விழும் பக்கம் முகம் வைத்து நின்றால் நலமாக இருக்கின்றன. மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், மூக்கு சிவந்து செதில் உதிர்ந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய மீனைச் சின்ன வாளியில் நெருக்கி அடைத்தால் அரை மணியில் மூச்சு முட்டிப்போகும். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆற்றுக்குப் போனதும் வாளியின் சூட்டையும் ஆற்றின் சூட்டையும் மெல்லச் சமப்படுத்திய பிறகுதான் முள்ளுக்குக் கொண்டு வர வேண்டும். திடீரென்று குளிர் நீரில் விழும் மீன் விறைத்துவிடும், துடிப்பு இருக்காது.

சின்ன மீனுக்குத்தான் விதிகள் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 2005-இல் ஈரி ஏரி உள்ளிட்ட பெருஏரிகளில் வி.எச்.எஸ். என்ற மீன் வைரஸ் நோய் தெரியவந்தது. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. இரை மீனை இடம் மாற்றுவது இத்தகைய நோயைப் பரப்பும் வழிகளில் ஒன்று. 2022 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவை நான்கு இரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்து இரை மீனையும் அட்டையையும் இன்னொரு மண்டலத்துக்குக் கொண்டு போகக் கூடாது. கிச்னரில் வாங்கிய மீனை வடக்கே விடுமுறைக்குப் போகும்போது காரில் ஏற்றினால் அது சட்டமீறல். சொந்த மண்டலத்துக்கு வெளியே மீன் பிடிக்கப் போனால் அந்த ஊர்க் கடையிலேயே வாங்கி ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அல்கோன்குயின் பூங்காவில் உயிருள்ள இரை மீனை வைத்திருக்கவே கூடாது. எங்கே மீன் பிடித்தாலும் வாளித் தண்ணீரை நீர்நிலையிலோ அதிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக் கூடாது, உயிரோடு இருக்கும் இரையை விடுவிக்கவும் கூடாது. பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஆற்றில் விடும் நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

ரௌண்ட் கோபி பற்றி ஒரு வார்த்தை. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல்கள் நிலை தடுமாறாமல் இருக்க அடியில் ஏற்றும் தண்ணீரில் வந்து 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் தென்பட்ட மீன். இப்போது ஈரி ஏரியில் ஸ்மால்மவுத் இதைத் தின்றுதான் கொழுத்திருக்கிறது. அப்படியானால் இதுதானே சிறந்த இரை என்று கேட்கலாம். ஒன்டாரியோவில் உயிரோடோ செத்தோ இதை இரையாகப் பயன்படுத்தக் கூடாது. அதன் நிறத்திலும் அளவிலும் ரப்பர் இரை கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பல்லி போல இருக்கும் சாலமாண்டருக்கும் தடை. தவளையில் ஒரு வகைக்கு மட்டும் அனுமதி இருக்கிறது, நான் போடுவதில்லை. தவளை இல்லாமலே இந்த மீன் தாராளமாகக் கிடைக்கும்போது எதற்கு?

இரையை விட எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. உயிர் இரையை மீன் நம்பி விழுங்கும். ரப்பரைக் கடித்ததும் துப்பும், கிரேஃபிஷைத் துப்பாது, தொண்டைப் பற்களால் நசுக்கி உடனே உள்ளே தள்ளும். "கடித்ததும் பத்து எண்ணு, நன்றாக விழுங்கட்டும், அப்புறம் இழு" என்ற பழைய அறிவுரையைக் கேட்டால் முள் வயிற்றில்தான் மாட்டும். அந்த மீனைத் திருப்பி விட்டும் பயனில்லாமல் போகலாம். சின்ன இரை, உடனே இழுப்பு. இது இரண்டும் சேர்ந்தால் முள் உதட்டில் நிற்கும். அதனால்தான் ஐந்தாறு சென்டிமீட்டர் என்று மேலே வற்புறுத்தினேன். தக்கையில் அட்டையோ மீனோ போடும்போது வட்ட முள் நல்லது. அதற்கு வெட்டி இழுக்கவே கூடாது, நரம்பை இறுக்கி நிதானமாகச் சுற்றினால் தானே வாய் ஓரத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும்.

கடியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். டக் டக் டக் என்று விரலில் தொடர்ந்து தட்டினால் ராக் பாஸோ சன்ஃபிஷோ. ஸ்மால்மவுத் ஒரே ஒரு தட்டு தட்டும், அப்புறம் நரம்பு ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வைக் கண்டதும் இழுக்க வேண்டும். கிரேஃபிஷ் முள்ளில் இருக்கும்போது கோலை மட்டும் பிடித்தால் போதாது, ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் படுக்க வைத்துப் பிடியுங்கள். கல்லில் உரசுவது கரகரவென்று தெரியும், மீன் உறிஞ்சும்போது அந்தக் கரகரப்பு சட்டென்று நின்று ஒரு கனம் வரும். பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

முள் ஆழமாகப் போய்விட்டால் பிடுங்காதீர்கள். நரம்பைக் கூடுமானவரை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டு விடுங்கள், தோண்டி எடுப்பதைவிட மீன் பிழைக்க அதில் வாய்ப்பு அதிகம். துருப்பிடிக்காத எஃகு முள்ளை வாங்காதீர்கள். ஈயக் குண்டுக்குப் பதிலாகத் தகரமோ டங்ஸ்டனோ வாங்க முடிந்தால் வாங்குங்கள். அறுந்து கிடக்கும் ஈயக் குண்டை லூன் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. மற்ற இடங்களில் நம் மனசாட்சிதான்.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் சென்ற கோடையில் கேட்டார்: "அண்ணே, சனிக்கிழமை பசங்களோட ஆத்துக்குப் போறேன். ஒரே ஒரு இரை வாங்கணும்னா எதை வாங்கட்டும்?"

"பசங்களுக்கு ஒரு டப்பா மண்புழு வாங்கிக்கங்க தம்பி. உங்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு சின்ன வலை மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

எந்த அளவு வலை என்று கேட்டார். மீன் தொட்டிக்கு விற்கும் கையளவு வலை, டாலர் கடையில் கிடைப்பது, அதுவே போதும். கூட ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா, மூடியில் ஓட்டை போட்டு, அடியில் ஈரப்பாசி பரப்பி. கிரேஃபிஷ் ஆழத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் காற்றில்லாமல் செத்துப்போகும், ஈரப்பாசியில் நிழலில் வைத்தால் மத்தியானம் வரை கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து பிடித்தால் காலை நேரத்துக்குப் போதும்.